டெர்மினலில் தமிழ் பிழையின்றி, தாமதமின்றி: திருச்சி – திருவரங்கம் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: டெர்மினல் மென்பொருள்களை எழுதிப் பராமரிப்போர், ஒருங்குறித் தரத்தை வகுப்போர், எழுத்துரு வடிவமைப்போர், தமிழ்நாடு அரசு, திருச்சிப் பகுதிக் கல்வி நிறுவனங்கள்.

முகவுரை

திருச்சியிலும் திருவரங்கத்திலும் கணினியில் தமிழை வைத்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். நிரல் எழுதுகிறவர்கள், ஆய்வகத்தில் பாடம் நடத்துகிறவர்கள், அங்கே படிக்கிறவர்கள், பழைய நூல்களையும் கல்வெட்டுப் பாடங்களையும் மின்னுருவாக்குகிறவர்கள் எங்களில் உண்டு. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் திருவரங்கக் கோயில் கல்வெட்டுகளே. அதுபோன்ற ஒரு தொகுதியை டெசராக்ட் எழுத்துணரிக்குக் கொடுத்துப் பிரதியாக்கவும், ஆயிரக்கணக்கான வரிகளில் ஓர் ஊர்ப்பெயரைத் தேடவும், ஒரே பிழையை எல்லாப் பக்கங்களிலும் ஒருசேரத் திருத்தவும் டெர்மினலைவிடக் கைக்கு எளிய கருவி இல்லை.

அந்தக் கருவியில்தான் தமிழ் இன்றும் உடைகிறது. உலாவியில் ஒழுங்காகத் தெரியும் சொல், அதே கணினியின் டெர்மினலில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கிறது. கர்சர் நிற்கும் இடம் ஒன்று, எழுத்து விழும் இடம் வேறு. இது தமிழின் இயல்பால் வந்த வினை அல்ல. எண்ணிப் பார்க்காமல் விட்ட பொறியியல் பிழை. பிழை என்றால் திருத்த முடியும். அதைத் திருத்தித் தரும்படி கேட்கவே இந்தச் சாசனம்.

பிழை எங்கே இருக்கிறது

இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் எல்லாம் பழைய கருவிகளின் நடத்தையைப் பின்பற்றுபவை. அவற்றுள் முதன்மையானது டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100. அதன் திரை 80 பத்தி, 24 வரி கொண்ட கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலம் அதில் அப்படியே பொருந்தியது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்குப் பின்னாளில் இரண்டு கட்டம் என்று விதி வகுத்தார்கள். தமிழுக்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இல்லை.

விதி இல்லாததன் விளைவை எங்கள் ஊர்ப் பெயரிலேயே பார்க்கலாம். திருவரங்கத்தின் மறுபெயரான ‘ஸ்ரீரங்கம்’ படிப்பவர் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி அதை 10 குறியெண்களாக, 30 பைட்டுகளாகச் சேமிக்கிறது. மார்க்கஸ் கூன் எழுதிப் பரவலான பழைய அகலக் கணக்கு, அதற்கு 6 பத்தி என்கிறது. ‘திருச்சிராப்பள்ளி’ ஒன்பது எழுத்து, 17 குறியெண், அதே கணக்கில் 14 பத்தி.

இந்த முரண்பாட்டின் வேர் ஒருங்குறி வகைப்பாட்டில் இருக்கிறது. மேல்விலங்கு அங்கே இடம் பிடிக்கும் குறி. மேல்விலங்குச் சுழியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள். அந்த வகைப்பாட்டை அப்படியே அகலமாக எடுத்துக்கொண்டதால் ‘தி’ இரண்டு கட்டமும் ‘தீ’ ஒரு கட்டமும் ஆயின. ‘கொ’வுக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று துண்டுகள் வரைய வேண்டும்; கிடைப்பது இரண்டு கட்டம். பைதானின் டபிள்யூசிவிட்த் நூலகம் 2023இல் தன் கணக்கை மாற்றி, இடம் பிடிக்கும் குறிகளையும் சுழிய அகலமாக்கியது. இப்போது ஒரே சொல்லுக்கு நிரல் ஒரு கணக்கும், திரையைப் பகுத்துத் தரும் டீமக்ஸ் ஒரு கணக்கும், டெர்மினல் ஒரு கணக்கும் போடக்கூடும். தொலைவிலுள்ள சேவையகத்தில் பழைய சி நூலகம் இருந்தால் நான்காவது கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

அழிக்கும்போது நேர்வது இன்னும் கேடு. தனக்கென வரித்திருத்தி இல்லாத நிரல்களில், லினக்ஸ் கெர்னலின் வரித்திருத்தப் பகுதி எந்தக் குறியெண்ணை அழித்தாலும் திரையில் ஒரு கட்டம் பின்வாங்கும். ‘ம்’ என்று தட்டிவிட்டுப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால், நினைவகத்தில் புள்ளி மட்டும் போய் ‘ம’ நிற்கிறது. திரையிலோ எழுத்து முழுவதும் மறைகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மகரம் கட்டளையோடு சேர்ந்து போகிறது. கோப்புகளை நீக்கும் கட்டளையில் இப்படி நேர்ந்தால் இழப்பு யாருடையது?

கோரிக்கைகள்

அ. டெர்மினல் உருவாக்குவோரிடம்

1. ஓர் உயிர்மெய் எழுத்தைப் பிரிக்க முடியாத ஒரே அலகாக நடத்த வேண்டும். கர்சர் அதன் நடுவில் நிற்கக் கூடாது; வரி மடியும்போது மெய் மேல்வரியிலும் கொம்பு கீழ்வரியிலும் விழக் கூடாது; தேர்வு செய்து நகலெடுத்தால் முழு எழுத்தும் வர வேண்டும்.

2. எழுத்தின் அகலத்தை அதன் உருவத்துக்கு ஏற்ப ஒன்று அல்லது இரண்டு கட்டமாகத் தீர்மானிக்கும் ஒரே அட்டவணையை எல்லோரும் பின்பற்ற வேண்டும். ஞ, ண, ஔ, ணை போன்ற அகன்ற எழுத்துகளை ஒரு கட்டத்துக்குள் நெருக்கி ஓரத்தை வெட்டக் கூடாது.

3. எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்பதை நிரலும் டெர்மினலும் ஒன்றையொன்று கேட்டறிய வழி வேண்டும். எழுத்துக் கூட்டுகளை அலகாகக் கொள்வதை அறிவிக்கும் 2027ஆம் எண் முறைமை சில டெர்மினல்களில் ஏற்கெனவே உண்டு. கோவித் கோயலின் கிட்டி டெர்மினல், எழுத்தின் அகலத்தை நிரலே சொல்லும் நெறிமுறையை 2025இல் கொண்டுவந்தது. இவற்றில் தமிழுக்கான நடத்தையை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைக்க வேண்டும்.

4. உருவமைப்பை ஹார்ஃப்பஸ் போன்ற தேர்ந்த நூலகத்திடம் விட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லிப்ரே ஆஃபிஸும் அதைக் கொண்டே தமிழைச் சரியாகக் காட்டுகின்றன.

5. தமிழுக்கு மெதுவான வழி, ஆங்கிலத்துக்கு விரைவான வழி என்ற பாகுபாடு நீங்க வேண்டும். பல டெர்மினல்களில் ஒரு கட்டத்துக்கு ஒரு குறியெண் மட்டுமே நேராக இருக்கும். கூட்டெழுத்துகள் வேறோர் அட்டவணைக்குப் போய்த் திரும்பும். தமிழில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் அந்தச் சுற்றுவழியில்தான் போகிறது. தமிழின் எழுத்துகள் 247. கிரந்த வரிசைகளையும் ‘ஸ்ரீ’யையும் சேர்த்தால் 313. இந்தச் சிறிய தொகுதியை ஒருமுறை உருவமைத்து நினைவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரிக்கும் மீண்டும் கணக்கிட வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள ஆங்கிலக் கோப்பும் தமிழ்க் கோப்பும் திரையில் ஓடி முடிக்கும் நேரத்தை ஒவ்வொரு வெளியீட்டிலும் அளந்து வெளியிட வேண்டும்.

6. தேடலில் சம வடிவங்களைச் சமமாகக் கொள்ள வேண்டும். ‘கொ’வின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம்; ஒருங்குறிப்படி இரண்டும் ஒன்றே. ‘ஸ்ரீ’யின் நிலை வேறு. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒருங்குறிக்கு அவை வெவ்வேறு. ஊரின் பெயரைத் தேடுகிறவருக்கு ஊர் கிடைக்க வேண்டும்.

ஆ. தரம் வகுப்போரிடமும் எழுத்துரு வடிவமைப்போரிடமும்

7. டெர்மினலுக்கான தமிழ் அகல விதியை ஒருங்குறி ஆவணமாகவே வெளியிட வேண்டும். சி நூலகம், பைதான், டீமக்ஸ் ஆகிய யாவும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். 2019இல் ஜினோம் டெர்மினலின் அடிப்படையான விடிஇ நூலகம், வலமிருந்து இடமாக ஓடும் அரபு, எபிரேய எழுத்துகளைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. எக்மான்ட் கோப்லிங்கர் முதலில் விரிவான விதிமுறையை எழுதினார். நிரல் அதன் வழியே வந்தது. தமிழுக்கும் அந்த வரிசையே உகந்தது.

8. கட்டத்துக்கு அடங்கும் தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் வேண்டும். ஒரு கட்ட, இரண்டு கட்ட எழுத்துகளின் அகலம் துல்லியமாக ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். சிறிய அளவிலும் புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும். புள்ளி மங்கினால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும்.

இ. அரசிடமும் கல்வி நிறுவனங்களிடமும்

9. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு சேமிப்போடு நின்றுவிடக் கூடாது. அரசு வாங்கும் கணினிகளில், அலுவலகச் செயலிகளைப் போலவே டெர்மினலிலும் தமிழ் சரியாக இயங்குவதைச் சோதித்த பின்பே ஏற்க வேண்டும்.

10. மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் பைதான் படிக்கிறார். கட்டளை வரியில் நிரல் ஓட்டவும் படிக்கிறார். பைதான் 3இல் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தன் பெயரை அச்சிடும் முதல் நிரலின் விடை வெற்றுப் பெட்டிகளாக வரக் கூடாது. பள்ளி ஆய்வகங்களில் தமிழ் தெரியும் டெர்மினலையும் எழுத்துருவையும் நிறுவித் தர வேண்டும்.

11. இந்தப் பிழைகளைத் திருத்துவதை மாணவர் செயல்திட்டமாக ஏற்று மதிப்பெண் அளிக்கத் திருச்சி என்ஐடி, ஐஐஐடி, பாரதிதாசன் பல்கலைக்கழகம், புனித வளனார் கல்லூரி முதலியவை முன்வர வேண்டும். திருவரங்கத்தில் வளர்ந்து புனித வளனார் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, கணினியைத் தமிழில் விளக்க முடியும் என்று எழுதிக் காட்டினார். கணினிக்குள் தமிழைச் செம்மையாக்குவது அடுத்த தலைமுறையின் வேலை.

12. பராமரிப்போருக்குப் பொருளுதவி வேண்டும். எக்ஸ்டெர்ம் என்னும் டெர்மினலைத் தாமஸ் டிக்கி 1996 முதல் பராமரித்து வருகிறார். இப்படிச் சிலரது உழைப்பில் நிற்கும் கருவிகளிடம் தமிழ் ஆதரவைக் கேட்கும்போது அதற்கான செலவை ஏற்பதும் முறை. தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் அரசு நிதியில் ஒரு பங்கு இதற்குப் போக வேண்டும்.

எங்கள் பொறுப்பு

கேட்பதோடு நிற்க மாட்டோம். பிழையைச் சொல்லும்போது பதிப்பு எண், எழுத்துரு, தட்டிய குறியெண்கள், எதிர்பார்த்த உருவம், வந்த உருவம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே அனுப்புவோம். தமிழ் அறியாத பராமரிப்பாளருக்குப் படத்தோடு விளக்குவோம். திருத்தம் வந்ததும் சோதித்து, சரியாகிவிட்டது என்றால் அதையும் எழுதித் தெரிவிப்போம். தன்னார்வத்தில் உழைப்பவரிடம் கடுஞ்சொல் பேச மாட்டோம்.

நாங்கள் கேட்பது நடக்காத ஒன்றும் அல்ல. விண்டோஸ் டெர்மினல் 2024இல் தன் 1.22 முன்னோட்டப் பதிப்பில் எழுத்துக் கூட்டுகளை அலகாக ஏற்றது. பழைய கட்டுமானத்தையும் மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

உடனடியாகச் செய்ய வேண்டியது

எங்கள் வட்டாரப் பெயர்கள் பத்தும் ஒரு தனிச்சொல்லுமாகச் சோதனைப் பட்டியல் ஒன்று தருகிறோம்: ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, கொள்ளிடம், முக்கொம்பு, மலைக்கோட்டை, திருவானைக்காவல், மண்ணச்சநல்லூர், பீமநகர், பொன்மலை, உறையூர், ஔவை. பிளவுபடும் கொம்பு, ஏறி நிற்கும் சுழி, ஒரே சொல்லில் பல புள்ளிகள், அகன்ற ணகரம், ஔகாரம் என உடையக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இவற்றில் வந்துவிடுகின்றன.

ஒவ்வொரு டெர்மினல் திட்டமும் இந்தப் பதினொரு சொற்களையும் தன் தானியங்கிச் சோதனையில் சேர்க்க வேண்டும். காட்டுதல், கர்சர் நகர்த்தல், அழித்தல், நகலெடுத்தல், தேடுதல் ஆகிய ஐந்திலும் தேறாத பதிப்பை வெளியிடக் கூடாது. ஓராண்டுக்குள் இந்த முதல் படி நிறைவேற வேண்டும் என்று கேட்கிறோம். ஆண்டு முடிவில் எந்தக் கருவி எத்தனை சொற்களில் தேறியது என்ற அட்டவணையைப் பொதுவில் வைப்போம். தேறியவற்றைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்போம்.

இப்படிக்கு,
திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் டெர்மினலில் தமிழ் எழுதுவோர்