அரைப் பேர்

போன ஞாயிற்றுக்கிழமை டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். உயர்தரத்தில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி அங்கே மேல்கணக்கு லயத்தில் இருக்கிறாள். பட்டம் முடித்தாள். ஒரு வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது முதுதத்துவமாணி ஆய்வுக்கு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறாள். நல்லபடியாகப் போனால் அதையே கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

காம்பராவில் மேசை இல்லை. தையல் மெஷினின் பலகையை மூடி, அதன்மேல் ஒரு துவாயை மடித்துப் போட்டு, மடிக்கணினியை வைத்திருந்தாள். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. இஸ்தோப்பில் காயப்போட்ட கொழுந்துச் சாக்கின் ஈர வாடை உள்ளே வந்தது. அவளுடைய அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டார்: “படிச்சு முடிச்சிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் சேர். இன்னமும் படிக்குது. ராவெல்லாம் கண்ணு முழிக்குதே, இதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா?”

மலையகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. நிர்ணயித்த கிலோ கொழுந்து நிறுவைக்கு வந்தால் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். மழையில் அட்டைக்கடியோடு நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் தராசு சொல்வதுதான் கணக்கு. நாற்பது வருடம் அந்தக் கணக்கில் வாழ்ந்தவர் தன் மகளின் உழைப்பையும் அதே சொல்லால்தான் கேட்பார். அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

உண்மையான பதில், பேர் போட மாட்டார்கள் என்பதுதான். நம் நாட்டில் இலவசக் கல்வி முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராகச் சேர்ந்தவருக்குச் சம்பளம் உண்டு, படிப்பு விடுமுறை உண்டு, ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் வழியும் தெரியும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு இவை ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் எத்தனை பேர் சேர்த்தால் ஒரு தேர்வுக் கட்டணம் தேறும் என்பதை அந்தத் தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அவள் எடுத்திருக்கும் விடயத்தைச் சொல்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். 2024 மதிப்பீட்டில் அந்தத் தொகை சுமார் 6 இலட்சமாக இறங்கியிருக்கிறது. இத்தனை பேர் எங்கே போனார்கள்? எல்லோரும் செத்துப்போகவில்லை, எல்லோரும் கப்பலேறவும் இல்லை. எத்தனை பேர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள், ஏன் பதிந்தார்கள், கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்? லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டிய ஆய்வு இது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரிக்கப்பட்ட ஒரு சமூகம் மறுபடியும் எண்ணிக்கையில் கரைகிறது. அதன் காரணத்தை அதே லயத்தில் பிறந்த ஒருத்தி தேடப் போகிறாள் என்றால் அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டாமா?

நம்மவர்களில் முன்பு ஆராய்ந்தவர்கள் யாருடைய தாங்கலில் ஆராய்ந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். அதுவும் நியாயம்தான். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடி எடுத்து நூலாக்கிய சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மலையகச் சிறுகதை வரலாற்றை எழுதிய தெளிவத்தை ஜோசப் கொழும்பில் கணக்காளராக இருந்தவர். சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்க வேலைகளுக்கிடையே நாட்டார் பாடல்களைச் சேர்த்தார். எல்லாம் வேலை முடிந்த பிறகு, சொந்தக் காசில், சொந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த காரியங்கள். இன்று மலையகத்தைப் பற்றி யார் கலாநிதிப் பட்ட ஆய்வு எழுதினாலும் அடிக்குறிப்பில் இவர்கள் இல்லாமல் எழுத முடியாது. அவர்கள் தனியாகப் பாடுபட்டார்கள் என்பதைக் காட்டி அடுத்த தலைமுறையையும் தனியாக விடுவது நன்றிகெட்ட செயல்.

தனியாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கண்முன்னே சான்று இருக்கிறது. வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். நல்ல மனதோடு வருகிறவர்களே அதிகம். அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறவர், தோட்ட நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்குகிறவர், அம்மாமார் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறவர் எல்லாம் நம் பட்டதாரிப் பிள்ளைகள். நூல் வெளிவரும்போது அவர்கள் பெயர் நன்றியுரையில் ஒரு வரியில் இருக்கும். சில நேரம் அதுவும் இராது. இதை அரைப் பேர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கொழுந்து முழுக்க இவர்கள் பறித்தது.

மலையகத்தில் ஆராய்ச்சிக்கு நிறுவனமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தலவாக்கலையில் சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925இல் உருவாக்கப்பட்டது. தேயிலைச் செடிக்கு என்ன நோய் வரும், எந்தப் புழு தின்னும், எந்த ரகம் எந்த உயரத்தில் நன்றாக வரும் என்று நூறு வருடமாக ஆராய்கிறார்கள். அது வேண்டியதே. நம் பிள்ளைகள் இன்னும் அதிகம் பேர் அங்கே விஞ்ஞானிகளாகப் போக வேண்டும். ஆனால் அந்தச் செடியில் கொழுந்து பறிக்கிறவளின் வரலாற்றை, உடலை, மொழியை ஆராய அந்த அளவில் ஒரு நிறுவனம் மலையகத்தில் இன்றுவரை எழவில்லை. கம்பளைக்கருகே பழைய பீகொக் தோட்டத்தில் லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கி 2007இல் ஒரு தொண்டு நிறுவனம் திறந்ததும், 2005 முதல் நூலகம் இணையத்தளம் பழைய நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவில் சேர்த்துவருவதும்தான் இந்த மாணவிக்குக் கிடைத்த கொடைகள்.

கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வைத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு வருடம் வேண்டியது பெரும்பாலும் ஓர் ஆள். முன்மொழிவைப் படித்து, “இந்தக் கேள்வி பெரிது, இதில் பாதியை வெட்டு” என்று சொல்ல ஓர் ஆள். மேற்பார்வையாளர் இரண்டு மாதமாகப் பதில் போடாவிட்டால் எப்படி மரியாதையாக நினைவூட்டுவது என்று சொல்லித்தர ஓர் ஆள். ஆய்வுப் பொருளே நடுவழியில் மாறிப்போவதும் உண்டு. மானிடவியல் பேராசிரியர் வலன்டைன் டானியல் 1983இல் தோட்டப் பெண்களின் பாடல்களைச் சேகரிக்க வந்தார். வந்து சேர்ந்தபோது தமிழருக்கு எதிரான கலவரம் நடந்து முடிந்திருந்தது. பாட்டைத் தேடிவந்தவர் வன்முறையின் கதைகளைக் கேட்க வேண்டியதாயிற்று. 1996இல் வெளிவந்த அவருடைய நூல் அதிலிருந்து பிறந்தது. அவர் ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தவர், தாங்கிக்கொண்டார். தொடக்கநிலை மாணவிக்கு விடயம் காலடியில் இப்படி நழுவினால் அவள் ஆய்வையே விட்டுவிடுவாள். விட்டவர்களை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியும் அடுத்த கட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்காமல், எழுதிய ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரைகூட வெளியிடாமல், மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கற்பித்துக்கொண்டிருப்பவரும் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கிறார்.

நம்மில் இன்று பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கலாநிதிகள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசுங்கள். உங்கள் கட்டுரைக்குத் தரவு சேர்த்த பிள்ளையின் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்திலே போடுங்கள்.

அன்று புறப்படும்போது அவள் ஒரு பேரேட்டைக் காட்டினாள். ஐம்பதுகளின் செக்ரோல். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் அடுப்பெரிக்க வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதிக் கட்டங்கள், பேர், அரைப் பேர், பிறகு அரிசிக்கும் கம்பளிக்கும் கழித்த காசு. ஒரு வரியில் விரலை வைத்து, “இது எங்க அப்பாயி, சேர்” என்றாள்.

பழைய செக்ரோல், கடவுச்சீட்டு, குடியுரிமைக் கடிதம், தொழிற்சங்கச் சந்தாத் துண்டு என்று எது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் எரித்துவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆய்வு செய்யும் பிள்ளை யாரென்று விசாரித்து, கூப்பிட்டுக் காட்டுங்கள்.