பசியும் பகையும்

நெடுங்காலம் ஆண்ட கொடுங்கோலரை மக்கள் ஒருநாள் திடுமென எதிர்த்தெழுவது ஏன் என்னும் வினாவுக்குப் பலரும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு: வயிறு காய்ந்தது, வீதி நிறைந்தது. வகுப்பறையிலும் மேடையிலும் வழங்கும் இவ்விடை கேட்பதற்கு எளிது. வரலாற்றோடு ஒட்டிப் பார்த்தாலோ நிற்பதில்லை.

பசியே கிளர்ச்சியை ஈனுமாயின், அண்டை நாடான இந்தோனேசியா 1960-களின் இறுதியிலேயே சுகார்த்தோவை எதிர்த்து எழுந்திருக்க வேண்டும். அந்நாளில் அந்நாட்டு மக்கள் 1998-இல் இருந்ததைவிட வறியவர்கள். ஆயினும் ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆண்ட பின்னரே, 1998 மே 21-இல் அவர் பதவி துறந்தார். அதுவரை அவரைக் காத்துநின்றவற்றுள் முதன்மையானது, பொதுவுடைமையர் மீண்டும் வருவர் என்னும் பூச்சாண்டி. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் படுகொலைகளைக் கண்டவர்க்கு அது நடுக்கம் தந்தது. அதன்பின் பிறந்த மாணவர்க்கோ பாட்டி கதை. நாணயம் சரிந்தது உண்மையே. ஆனால் அச்சம் அதற்கு முன்பே தேய்ந்திருந்தது. தான் சுட்டிக்காட்டும் பகைவனை நேரிற் காணாத தலைமுறை ஒன்றை நெடிய ஆட்சி தானே வளர்த்துவிடுகிறது.

ஜொகூர் மண்ணிலும் ஓர் அரசன் வீழ்ந்தான். 1699-இல் கோத்தா திங்கியில், தோளிற் சுமந்து செல்லப்பட்ட சுல்தான் மஹ்மூத் கொல்லப்பட்டார். ஒரு பலாச்சுளையின் பொருட்டுச் சூல்கொண்ட மனைவியை இழந்த வீரன் பழிதீர்த்தான் என்பது வழிவழி வரும் கதை. கண்ணகியைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இக்கதை அயலாகத் தோன்றாது. எனினும் அதனை மக்கள் எழுச்சி என்பார் இலர். பெண்டஹாரா அரியணை ஏறினார். அரண்மனை அரண்மனையாகவே நின்றது. ஒருவன் துயரத்தைப் பிறரும் தம் துயரமாக ஏற்கும்போதே எழுச்சி பிறக்கும். அவ்வாறு ஏற்காதபடி வேலியிடுவது கொடுங்கோலரின் தலையாய தொழில்.

இலங்கையின் ராஜபக்ச குடும்பம் அத்தொழிலில் கைதேர்ந்தது. வாக்குப் பெற்று வந்தவரைக் கொடுங்கோலர் எனலாமோ என்பார், அதிபரின் பதவிக்கால வரம்பை 2010-இல் நீக்கிய 18-ஆம் திருத்தத்தையும், உடன்பிறந்தார் அமைச்சிலும் அவைத்தலைமையிலும் அமர்ந்ததையும் நோக்குக. 2009-இல் வன்னியில் தமிழ் மக்கள் பசியாலும் குண்டாலும் மாண்டனர். தெற்கு எழுந்ததா? போர் முடிந்த நாள்களில் அங்கு வீதிகளில் பாற்சோறு வழங்கப்பட்டது! பெருந்தொற்றில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கோத்தபாயவின் அரசு வலிந்து எரித்தபோதும் பெரும்பான்மையோர் வாளாவிருந்தனர்.

2021-இல் வேதியுரத்திற்கு விதித்த தடை சிங்கள உழவரின் வயலையே தாக்கியது. 2022-இல் எரிவாயு உருளைக்காகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் பகைவன் என்று எவரைச் சுட்டுவது? மார்ச் 31-இல் மிரிஹானவில் திரண்டோரைத் தீவிரவாதிகள் என்றது அரசு. தமிழர்மீது எளிதாக ஒட்டிய அச்சொல் அன்று விலைபோகவில்லை. ஜூலை 9-இல் அதிபர் மாளிகை மக்கள் வசமாயிற்று. மாலைத்தீவுக்கு ஓடிய கோத்தபாய, ஜொகூர் நீரிணைக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரிலிருந்து ஜூலை 14-இல் பதவி விலகல் மடலை விடுத்தார்.

வேலி முற்றிலும் விழுந்ததென்று கூறுவதும் பிழை. காலிமுகத்திடலில் அவ்வாண்டு மே 18-இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூர்ந்து கஞ்சி வழங்கியது மறக்கவொண்ணாச் செயலே. ஆனால் வடக்குத் தமிழருள் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றனர். அதனைக் குறுகிய மனம் எனச் சிலர் பழித்தனர். பழித்தோர் அச்சொல்லை, 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் அமர்ந்த அன்னையரிடம் சென்று கூறிப் பார்க்கட்டும். படையினரிடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்பது அவர்களின் வினா. திடலின் முழக்கங்களில் அவ்வினா உரக்க ஒலிக்கவில்லை. கோத்தபாய 2022 செப்டம்பரில் நாடு திரும்பிவிட்டார். அன்னையருள் பலர் விடை அறியாமலே இறந்துபோயினர்.