‘ஸீரோ கமிஷன்’னா சவாரி மலிவுன்னு அர்த்தம் இல்ல



தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி முடிச்சூருக்கோ மாடம்பாக்கத்துக்கோ ஆட்டோ புக் பண்றவங்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆப்ல 110 ரூபா காட்டும். டிரைவர் போன் பண்ணி, "எங்க சார் போகணும்? 160 குடுத்தா வரேன்"னு சொல்வார். கடுப்பாகி கேன்சல் பண்ணுவோம். அடுத்து வர்றவரும் அதையேதான் கேட்பார். கடைசில ஒரு ஸ்டார் குடுத்து, நாலு திட்டு திட்டிட்டு போயிடுவோம்.

என் கருத்து இதுதான்: இந்தச் சண்டையில பாதி, ஆப்ல இருக்கிற வார்த்தைகளை நாம படிக்காததால வருது. மீதி பாதிக்கு அரசுதான் பதில் சொல்லணும். பர்சனல் லோன் எடுக்குறப்ப பிராசஸிங் ஃபீ, ஃபோர்குளோஷர்னு ஒவ்வொண்ணா படிங்கன்னு சொல்றோம்ல? தினமும் காசு போற இடத்துலயும் அதே கவனம் வேணும்.

கமிஷன், சப்ஸ்கிரிப்ஷன்: எது மாறுச்சு?

முதல் வார்த்தை ‘அக்ரிகேட்டர்’. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப உள்ள வந்தது. பயணியையும் டிரைவரையும் இணைச்சு வைக்கிற டிஜிட்டல் இடைத்தரகர்னு அர்த்தம்.

இந்த இடைத்தரகருக்கு வருமானம் 2 வழியில வரும். ஒண்ணு கமிஷன். கட்டணத்தை ஆப் முடிவு பண்ணும், அதுல ஒரு பங்கை எடுத்துக்கும். சொந்த வண்டி ஓட்டுற டிரைவருக்கு கட்டணத்துல குறைஞ்சது 80% போகணும்னு 2025 ஜூலையில வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொல்லுது. இன்னொண்ணு சப்ஸ்கிரிப்ஷன். டிரைவர் ஒரு நாளைக்கோ வாரத்துக்கோ இவ்வளவுன்னு கட்டிடுவார், சவாரிக் காசு முழுக்க அவருக்கு. ‘நம்ம யாத்ரி’ 2024ல இந்த முறையோடதான் சென்னைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில ஊபரும் ஆட்டோவுக்கு இதுக்கு மாறுச்சு. இதைத்தான் ‘ஸீரோ கமிஷன்’னு சொல்றாங்க.

டிரைவருக்கு இது நல்லதுதான். ஆனா நமக்கு? மாறினப்ப ஊபரே வெளிப்படையா சொன்னது: திரையில காட்டுறது பரிந்துரைக் கட்டணம்தான், கடைசித் தொகையை நீங்களும் டிரைவரும் பேசி முடிவு பண்ணிக்கணும், காசை அவர்கிட்டயே நேரா குடுக்கணும். அதாவது, அந்த 110 ரூபா பில் இல்ல. ஒரு யோசனை, அவ்வளவுதான். கமிஷன் முறையில கட்டணத்துக்கு கம்பெனி பொறுப்பு. சப்ஸ்கிரிப்ஷன்ல கம்பெனி நைசா ஒதுங்கிக்குது, பேரம் பேசுற வேலை நம்ம தலையில விழுது.

ஜிஎஸ்டியிலயும் இதே குழப்பம். ரோட்டுல கை காட்டி ஏறுற ஆட்டோவுக்கு வரி கிடையாது. ஆப் வழியா புக் பண்ணா 2022 ஜனவரி 1லருந்து 5%. சப்ஸ்கிரிப்ஷன் ஆப்புக்கு? கர்நாடகா அட்வான்ஸ் ரூலிங் அதாரிட்டி 2023ல நம்ம யாத்ரி விஷயத்துல ‘கட்ட வேண்டாம்’னு சொல்லிச்சு. 2024ல ஊபர் விஷயத்துல ‘கட்டணும்’னு சொல்லிச்சு.

எல்லாத்துக்கும் அடி: பேஸ் ஃபேர்

‘சர்ஜ்’னா தேவை கூடுற நேரத்துல விலை ஏத்துறது. அந்த 2025 வழிகாட்டுதல்படி பேஸ் ஃபேரைப் போல 2 மடங்கு வரைக்கும் ஏத்தலாம். முன்னாடி 1.5 மடங்குதான். சரி, அந்த பேஸ் ஃபேரை முடிவு பண்றது யாரு? மாநில அரசு.

சென்னை ஆட்டோவுக்கு அரசு கட்டணம் நிர்ணயிச்சது 2013ல. முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபா, அப்புறம் கி.மீ.க்கு 12 ரூபா. 8 கி.மீ. சவாரிக்கு கணக்கு போட்டா 99 ரூபா 40 காசு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அதைத் தொடவே இல்ல. நம்ம சம்பளம் பத்து வருஷம் அப்படியே நின்னா சும்மா இருப்போமா? 2025 பிப்ரவரியில ஆட்டோ சங்கங்கள் தாங்களாவே 1.8 கி.மீ.க்கு 50, அப்புறம் கி.மீ.க்கு 18னு அறிவிச்சாங்க. அதே 8 கி.மீ.க்கு 161 ரூபா 60 காசு. அரசு அதை ஏத்துக்கல.

இதுல ‘டெட் மைலேஜ்’ வேற இருக்கு. மாடம்பாக்கத்துல நம்மள இறக்கிட்டு அவர் தாம்பரத்துக்கு காலியா திரும்பணும். அந்த பெட்ரோல் காசையும் சேர்த்துதான் கேட்கிறார். எல்லா டிரைவரும் நியாயமா கேட்கிறாங்கன்னு நான் சொல்லல. மழை பெய்ஞ்சா மூணு மடங்கு கேட்கிறவரும் இருக்கார். ஆனா எது நியாயம்னு அளக்க ஒரு அளவுகோல் வேணுமே! பழைய பேஸ் ஃபேர் மேல ‘2 மடங்கு’ வரம்பு போட்டா, அது பேப்பர்ல மட்டும்தான் இருக்கும். எரிபொருள் விலையோட சேர்த்து வருஷா வருஷம் தானா மாறுற ஒரு சூத்திரத்தை அரசு கொண்டு வரணும். கிளாம்பாக்கத்துல பஸ் நிலையம் திறந்து, ராத்திரியும் விடியக்காலையும் ஊர்லருந்து வர்றவங்களை அங்க இறக்கிவிட்ட பிறகு இது இன்னும் அவசரம்.

அதுவரைக்கும் உங்க பர்ஸ்

மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு: ஆப் காட்டுற தொகையை வெச்சு பட்ஜெட் போடாதீங்க. 80 ரூபா சவாரி காலையில 120 ஆகுதுன்னா தினம் 40 ரூபா கூடுதல். மாசம் 22 நாளுக்கு 880, வருஷத்துக்கு 10,560. இருபத்தஞ்சு வயசுக்காரங்களுக்கு ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தோட ஒப்பிட வேண்டிய தொகை இது.

ரெண்டு: ‘வாடகை கம்மி’ன்னு கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம் பக்கம் வீடு பார்க்கிறப்ப, ஸ்டேஷனுக்குப் போக வர ஆகுற ஆட்டோ காசையும் வாடகையோட கூட்டிப் பாருங்க. மாசம் 3,000 ரூபா வாடகை மிச்சம், ஆட்டோவுக்கு 3,500 செலவுன்னா அந்த வீடு மலிவே இல்ல.

மூணு: கம்பெனி கேப் வேணுமா, டிராவல் அலவன்ஸ் வேணுமான்னு எச்ஆர் கேட்டா யோசிச்சு சொல்லுங்க. வீட்டுக்கும் ஆபீசுக்கும் கம்பெனி வண்டி விட்டா அதுக்கு உங்களுக்கு வரி இல்ல. கையில வர்ற அலவன்ஸ் சம்பளத்தோட சேரும். மாசம் 4,000 ரூபா அலவன்ஸ்ல, 20% ஸ்லாப்ல இருக்கிறவங்களுக்கு செஸ்ஸோட 832 ரூபா வரியா போய் 3,168தான் நிக்கும். ரிபேட்ல வரியே வராத சம்பளம்னா இந்த வித்தியாசம் இல்ல.

அடுத்த தடவை டிரைவர் "160"னு சொன்னா, சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கி.மீ.யைப் பார்த்து மனசுக்குள்ள ஒரு கணக்கு போடுங்க. நியாயம்னா ஏறுங்க. அநியாயம்னா கேன்சல் பண்ணிட்டு ஷேர் ஆட்டோவோ எம்டிசி பஸ்ஸோ பிடிங்க. உங்க ரூட்ல ஆப் காட்டுறது எவ்வளவு, டிரைவர் கேட்கிறது எவ்வளவுன்னு கமென்ட்ல எழுதுங்க.