மணிக்கு 120 ரூபாயா?

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில், ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டார்கள். விளையாட ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய்! தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 3,600. என்னைப் போன்றவர்கள் வீட்டில் பையனுக்கே யோசித்துத்தான் கொடுப்போம். பெண்ணுக்கு? 'நீ பேசாம வீட்டுல இருடி'ன்னு சொல்லிடுவோம், அதுதானே நிஜம்? அப்போது கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியே எதிர்த்தது. தீர்மானமும் வாபஸ் ஆனது. சந்தோஷம். ஆனால் 'பராமரிக்க ஆளில்லை' என்ற பேச்சு நாளைக்குப் பூங்காவுக்கும் வராதா? வார்டுகளில் பகுதி சபை என்று 2022-லிருந்து கூட்டுகிறார்களே, முதலில் அங்கே வந்து கேட்கட்டும். அதையும் அடுப்படி வேலை நேரத்தில் வைக்காமல், நாங்கள் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வைக்கட்டும்!

- ஒரு வாசகி, சென்னை-11