கறுப்பு பீரும் எண்ணூர் மூக்கும்

தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதை நாங்கள் மறந்துவிட்டு எழுதவில்லை. அன்று மாடியில் உட்கார்ந்த நான்கு பேரில் ஒரு தோழி குடிப்பதே இல்லை. அன்றைக்கு உருப்படியாகத் தீர்ப்பு சொன்னதும் அவர்தான். அதனால்தான் எழுதுகிறோம்.

திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடி. ராயபுரத்துத் தம்பி ஒருவர், வீட்டின் முதல் பட்டதாரி, ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறார். விடுமுறைக்கு வந்தவர், சுங்கத்தில் அனுமதிக்கும் 2 லிட்டர் கணக்குக்குள் அரை லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து வந்திருந்தார். பெயர் கோஸ்ட்ரிட்ஸர். ஜெர்மன் மொழியில் இந்த வகைக்கு ‘ஷ்வார்ட்ஸ்பீர்’ என்று பெயர், அதாவது கறுப்பு பீர். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் பால், ரொட்டி வாங்கும் கூடையிலேயே இதையும் போட்டு வாங்கியிருக்கிறார். ஏறத்தாழ ஒரு யூரோ. “அங்க இதுக்குத் தனியா ஒளிஞ்சு போக வேணாம்ணே. லேபிளைப் படிச்சுப் பார்த்து, பிடிக்கலைன்னா திருப்பி அலமாரியில வெச்சுட்டு வரலாம்” என்றார்.

திருப்பி வைத்துவிட்டு வரலாம் என்பது எங்களுக்குப் புதிதாக இருந்தது. நம்ம ஏரியாவில் இரும்புக் கம்பிக்குள் கை போகும் அளவுக்கு ஒரு சந்து. பணத்தை நீட்டினால் பாட்டில் வரும். பிராண்டு பேரைச் சொல்லிக் கேட்கலாம், இருப்பதைத்தான் தருவார்கள். அதே டாஸ்மாக் நிறுவனத்துக்கு மால்களில் ‘எலைட்’ கடைகளும் உண்டு. அங்கே ஏசி, அலமாரி, கையில் எடுத்துப் பார்க்கும் வசதி எல்லாம் இருக்கிறது. வாங்குபவர் பாட்டிலைத் தொட்டுப் பார்க்கலாமா என்பதிலேயே அரசு இரண்டு வகைக் குடிமக்களை வைத்திருக்கிறது.

சரி, பீருக்கு வருவோம். துறைமுகத்தில் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர் பாட்டிலைப் பார்த்ததும் சொன்னார்: “கறுப்பா இருக்கு. சும்மா தூக்கும்.” லேபிளைத் திருப்பிக் காட்டினோம். ஆல்கஹால் 4.8 சதவீதம். இந்திய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை போனால்தான் ‘ஸ்ட்ராங்’. ஆக, அவர் வழக்கமாகக் குடிப்பதைவிட இது சாது. நிறம் என்பது வறுவல் மட்டும்தான். முளைகட்டிய பார்லியைக் காயவைத்து, அதில் ஒரு பங்கை காபிக்கொட்டை போலக் கருக வறுத்துச் சேர்த்தால் மொத்தமும் கறுப்பாகிவிடும். போதை எவ்வளவு என்பது ஈஸ்ட் தின்னும் சர்க்கரையின் கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கறுப்பைப் பார்த்தவுடனே முரடு என்று முடிவு கட்டுவது பீர் விஷயத்திலும் தப்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை. நாக்கு மரத்துவிட்டது. ‘கூலிங் பீர்’ கேட்டு அடித்துக்கொள்ளும் நமக்கு இது ஒரு பாடம். ரொம்பச் சில்லென்று இருந்தால் மட்டமான சரக்கும் நல்ல சரக்கும் ஒன்றுதான். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மறுபடி முகர்ந்தோம். ஒருவர் பொட்டுக்கடலை என்றார். லோடு அண்ணன், டீக்கடையில் கடைசியாக இறக்கும் டிகாஷன் என்றார். குடிக்காத தோழி டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, “கல்லுல லேசாத் தீஞ்ச கேழ்வரகு அடை” என்றார். அதுதான் சரி. அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வெளிச்சத்தில் பிடித்தால் முழுக்கறுப்பு இல்லை, விளிம்பில் சிவப்பு ஓடுகிறது. முதல் வாயில் பன் ரொட்டியின் மேல்தோல் இனிப்பு, முடிவில் வறண்ட கசப்பு. குறை என்னவென்றால் நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீராகப் போகிறது. அரை டம்ளருக்குப் பிறகு புதிதாக எதுவும் சொல்லவில்லை. லாகர் வகை இப்படிச் சுத்தமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். குளிர்ந்த நிலையில் மெதுவாகப் புளிக்கவிட்டு, வாரக்கணக்கில் குளிரிலேயே கிடத்தி வைத்து எடுப்பது அது. ‘லாகர்’ என்ற சொல்லே கிடங்கில் வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். நல்ல பீர், ஆனால் கொண்டாடும் அளவுக்கு இல்லை என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது பாட்டிலைத் திறந்ததும் தோழி, “இது வேற. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை” என்றார். எங்கள் மூன்று பேருக்கும் முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. சூட்டிலும் ஆட்டத்திலும் கிடந்து பழசான பீரின் அடையாளம் அதுதான். காற்று பட்டு மக்கிய வாசனை. சொட்டு குடிக்காதவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

எப்படி என்று கேட்டோம். “எண்ணூர்ல பொறந்து வளர்ந்தா மூக்கு சும்மா இருக்குமா?” என்றார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது தோழர்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பத்து மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தெருவுக்கு ஓடவிட்டது. இங்கே மூக்கு உயிர் காக்கும் கருவி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இன்று எது கசிகிறது என்று பாட்டிமார்கூடச் சொல்வார்கள். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் இதை ஒரு முறையாகவே செய்தார்கள். நாற்றங்களைப் பெயரிட்டுப் பிரித்தறியப் பயிற்சி எடுத்து, எந்த நேரம், எந்த நாற்றம், எந்தத் திசை என்று எழுதிவைத்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, 2004-இல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். ஒயின் ருசி பார்ப்பவர் கையில் நோட்டு வைத்துக்கொண்டு செய்வதும் அதே வேலைதான். அவரை ரசனைக்காரர் என்பார்கள். நாற்றம் பற்றிப் புகார் சொல்லப் போன நம்மிடம் ஆதாரம் எங்கே என்பார்கள்.

இப்படிப்பட்ட மூக்கும் நாக்கும் உள்ள மக்களிடம் விற்பது என்ன? போதை மட்டும். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங்தான். நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் கையில் இருக்கும் காசுக்கு எவ்வளவு ஏறும் என்று பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. உட்கார இடமில்லை, நின்றபடி வேகமாக முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ருசிக்கு எங்கே நேரம்? 2003 நவம்பரில் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்த அரசு, 2023-24-இல் இதிலிருந்து 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்தது. அவ்வளவு கொடுப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது, எப்போது அடைத்தது, வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்கும் உரிமை இருக்கிறதா இல்லையா?

மூக்கு தோற்கும் இடமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனாலை எத்தனாலிலிருந்து முகர்ந்தோ ருசித்தோ பிரித்தறிய முடியாது. எந்த ரசனைக்காரராலும் முடியாது. அங்கே தேவைப்பட்டது ஆய்வகமும், விற்பவனைப் பிடிக்கும் போலீஸும். செத்தவர்களுக்கு நாக்கு வளர்க்கச் சொல்லி யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

மதுவிலக்கு கேட்கும் தோழர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விசிக நடத்திய மகளிர் மாநாட்டில் பெண்கள் கேட்டது நியாயமானது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930-களில் ‘ஹரிஜன சேவை’ என்று சேரிக்குள் வந்தவர்கள் சொன்ன முதல் புத்திமதிகளில் குடியை விடு என்பதும் இருந்தது. மதுவிலக்குக் காலத்தில் வசதியானவர்களுக்குப் பர்மிட் கிடைத்தது, நம் தெருவுக்கு ரெய்டு வந்தது. அண்ணல் சொன்னது நாம் நமக்காக எடுக்கும் முடிவு. அவர்கள் சொன்னது நம்மைச் சுத்தப்படுத்த. இரண்டும் ஒரே வாக்கியம் போலக் கேட்கும், ஒன்றல்ல.

எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. லோடு அண்ணன், நல்ல சரக்கு நியாய விலையில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்கிறார். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது டம்ளரை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “இது நல்ல வாசனைதான். எங்கப்பா மேல வந்தது இது இல்ல. அவரு குடிச்சதுல என்ன இருந்துச்சுன்னு அவரு செத்த பிறகும் எங்க வீட்டுல யாரும் கேக்கல.”

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் உங்கள் தெருவில் கிடக்கும் காலி பாட்டில்களின் லேபிளைப் படம் எடுத்து வாருங்கள். சதவீதம், தயாரித்த தேதி, ஆலை இருக்கும் ஊர் மூன்றும் தெரிய வேண்டும். 21 வயதாகாதவர்களும் வரலாம், படிக்கத்தான் போகிறோம்.