வீட்டிலிருந்தோரின் வாக்கு

ஓர் அரசு அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்கிறது. அதனைப் பாராளுமன்றம் ஏற்றால் போதுமா, மக்களையும் கேட்க வேண்டுமா? குடிமையியல் வகுப்பில் இவ்வினா எழுந்தால் நம்மில் பெரும்பாலோர், “மக்களைக் கேட்பதே மக்களாட்சி” என்று உடனே விடை கூறுவோம். விடை சரியே. ஆயினும் எப்பொழுது கேட்பது, எந்த விதியின்படி எண்ணுவது என்பதைப் பொறுத்தே மக்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது என்று நாம் கருதுகிறோம். நெதர்லாந்தில் 2016ஆம் ஆண்டு நடந்தது இதற்குத் தக்க சான்று.

அந்நாட்டில் ஒப்பந்தங்களுக்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். இது பழைய விதி. 2015 ஜூலை முதல் புதிய சட்டம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றம் ஏற்ற ஒரு சட்டத்தையோ ஒப்பந்தத்தையோ எதிர்த்து மூன்று லட்சம் பேர் கையொப்பமிட்டால் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குரிமை உடையோரில் நூற்றுக்கு 30 பேராவது வந்தால்தான் அது செல்லும். அப்படிச் செல்லுபடியானாலும் அரசுக்கு அது அறிவுரை மட்டுமே, கட்டளை அன்று.

இச்சட்டத்தின்படி முதலில் மக்கள் முன் வந்தது உக்ரைன் நாட்டோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த ஒப்பந்தம். அது வெறும் காகிதம் அன்று. அதில் கையொப்பமிடாமல் 2013 நவம்பரில் உக்ரைன் அதிபர் பின்வாங்கியதால்தான் தலைநகர் கீவில் மக்கள் திரண்டனர். 2014 பிப்ரவரிக்குள் ஏறத்தாழ நூறு பேர் உயிர் துறந்தனர். நெதர்லாந்துப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் 2015இலேயே ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டன. பின்னர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு வாக்கெடுப்புக் கோரினர். 2016 ஏப்ரல் 6 அன்று நூற்றுக்கு 32 பேர் வந்து வாக்களித்தனர். வந்தவர்களில் நூற்றுக்கு 61 பேர் “வேண்டாம்” என்றனர். 38 பேர் “வேண்டும்” என்றனர்.

தோழியரே, இந்தக் கணக்கைச் சற்றே நம் விடுதிக்குக் கொண்டு வருவோம். விடுதியில் நூறு மாணவியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உல்லாசப் பயணம் போகலாமா என்று கேட்கிறார்கள். முப்பது பேராவது வாக்களித்தால்தான் செல்லும் என்பது விதி. இருபது பேர் வேண்டாம் என்கிறார்கள், பன்னிருவர் வேண்டும் என்கிறார்கள். மொத்தம் முப்பத்திரண்டு, வாக்கெடுப்பு செல்லும், பயணம் தோற்றது. அந்தப் பன்னிருவரில் மூவர் மட்டும் வராமல் அறையிலேயே படுத்து உறங்கியிருந்தால்? மொத்தம் இருபத்தொன்பது, வாக்கெடுப்பே செல்லாது! பயணத்தை விரும்பியவர்கள் கடமை உணர்வோடு எழுந்து வந்ததால் அன்றோ பயணத்தைக் கெடுத்தார்கள்? நெதர்லாந்தில் நடந்தது ஏறத்தாழ இதே விகிதம்தான். ஒப்பந்தத்தை விரும்பியோரில் சிலர் இக்கணக்கை அறிந்து வேண்டுமென்றே வீட்டில் இருந்தனர். வாக்குச்சாவடிக்கு வந்தவரைத் தண்டித்து, வராதவருக்குப் பரிசளிக்கும் விதி நல்ல விதி ஆகாது.

வருகையை எண்ணாமல் எதிர்ப்பை எண்ணலாமே! டென்மார்க் அப்படித்தான் செய்கிறது. அந்நாட்டின் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பன்னாட்டு அமைப்புக்கு அளிக்கும் ஒப்பந்தமானால் பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கினர் ஏற்க வேண்டும். பெரும்பான்மை இருந்தும் அந்த அளவு கிட்டாவிடில் மக்களைக் கேட்டாக வேண்டும். “வேண்டாம்” என்போர் வாக்களித்தோரில் பெரும்பான்மையாகவும், வாக்குரிமை உடையோர் அனைவரிலும் நூற்றுக்கு 30க்குக் குறையாமலும் இருந்தால் ஒப்பந்தம் வீழும். இவ்விதியில் வீட்டில் இருப்பதால் எவருக்கும் இலாபம் இல்லை. நெதர்லாந்தில் “வேண்டாம்” என்றவர்கள் வாக்குரிமை உடையோரில் நூற்றுக்கு 20 பேர்தாம். டென்மார்க்கின் விதி இருந்திருந்தால் ஒப்பந்தம் எவ்விதச் சூழ்ச்சியுமின்றிப் பிழைத்திருக்கும்.

அந்த டென்மார்க் மக்களே 1992 ஜூனில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மயிரிழையில் மறுத்தனர். எதிர்த்தோர் நூற்றுக்கு 50.7. அரசு என்ன செய்தது? மற்ற நாடுகளோடு பேசிச் சில விலக்குகளைப் பெற்று, 1993 மே மாதம் மீண்டும் மக்களிடமே வந்தது. மக்கள் ஏற்றனர். விடை பிடிக்கும்வரை கேட்டார்கள் என்று குறை கூறுவோரும் உண்டு. இருப்பினும் கேட்டார்கள் அல்லவா?

நெதர்லாந்து அரசின் நிலை இரங்கத்தக்கதே. ஒன்றியத்தின் மற்ற 27 நாடுகளும் ஒப்பந்தத்தை ஏற்றிருந்தன. தன் பாராளுமன்றமும் ஏற்றிருந்தது. பேருந்துக்கு முன்பணம் கட்டி, உணவுப் பொட்டலமும் கட்டிய பிறகு, “போகலாமா?” என்று கேட்டது போலாயிற்று. பிரதமர் மார்க் ருட்டே 2016 டிசம்பரில் மற்ற நாட்டுத் தலைவர்களிடம் ஒரு விளக்கத்தைப் பெற்றார்: இவ்வொப்பந்தத்தால் உக்ரைன் ஒன்றியத்தின் உறுப்பினராகிவிடாது, அதைக் காக்கும் இராணுவப் பொறுப்பும் எழாது என்பன போன்றவை அதில் இருந்தன. அதைக் கொண்டு பாராளுமன்றம் 2017இல் மீண்டும் ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 1 முதல் ஒப்பந்தம் முழுமையாக நடப்புக்கு வந்தது. அந்த விளக்கம் போதுமா என்று “வேண்டாம்” என்ற 25 லட்சம் பேரை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் நன்மையானது என்றே நாம் எண்ணுகிறோம். அதனால் இந்த முறை நன்றாகிவிடாது. கையொப்பமும் ஒப்புதலும் முடிந்தபின் கேட்பதைவிடக் கேளாதிருப்பதே மேல்.

விதியைத் திருத்தியிருக்கலாம். அவர்கள் திருத்தவில்லை. 2018 ஜூலையில் அச்சட்டத்தையே நீக்கினார்கள். இந்த நீக்கத்தை எதிர்த்து வாக்கெடுப்புக் கோர இயலாது என்பதையும் நீக்கும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.