புல்லுக்குப் போடும் யூரியா புல்லுக்குச் சேரட்டும்



கம்பு நேப்பியர் புல்லை அறுத்த கையோடு, ஈர மண்மேல் யூரியாவைத் தூவி அப்படியே விட்டுவிடுகிறோம். மூக்கில் ஏறும் அந்த அம்மோனியா நெடி, காசு காற்றில் போவதற்கான அடையாளம். மீதியும் நைட்ரேட்டாகி, மணல் பாங்கான நிலத்தில் பாசன நீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

2015 முதல் உள்நாட்டு யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத்தான் தணிக்கும்; அம்மோனியா ஆவியாவதைத் தடுக்காது. அதற்குத் தூரோரம் இட்டு மண் அணைக்க வேண்டும், உடனே தண்ணீர் கட்ட வேண்டும். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு பொடித்த வேப்பம்பிண்ணாக்கைப் பிசறி, ஓர் இரவு வைத்திருந்து போடும் பழைய முறையையும் கைவிடக் கூடாது.

இது செலவுக் கணக்கு மட்டுமல்ல. அளவுக்கு மீறி யூரியா இட்ட தீவனச் சோளம் வறட்சியில் வாடி நின்றால் தட்டையில் நைட்ரேட் தேங்கும். அதைத் தின்ற மாடு மூச்சுத் திணறிச் சாகக்கூடும்.

பால் கூட்டுறவுச் சங்கங்கள் மாட்டுத்தீவனத்தோடு வேப்பம்பிண்ணாக்கையும் விற்க வேண்டும். மண் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் உதவ வேண்டும்.

– கறவை மாடு வளர்க்கும் வாசகர், நாமக்கல் மாவட்டம்